நெஞ்சகத்துக் கணக்கப்பிள்ளை

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எம் இடப்பக்க மார்பின் தோலுக்குக் கீழே ஒரு சிறு கருவி பதிக்கப்பெற்றது. அதன் நீளம் 45 மில்லிமீட்டர், அகலம் 8, கனம் 4. எடை நான்கு கிராமுக்கும் குறைவு. சிறுவர் கற்பலகையில் எழுதித் தேய்ந்த பலப்பத் துண்டு ஒன்றைக் கையிலெடுத்துப் பார்ப்பின் அதன் உருவம் ஏறக்குறைய விளங்கும். இச் செய்தியை விடுதித் தோழியர் மூவர் அறிவர். ஏனையோர் அறியாதவாறு மறைத்தே வந்தோம். மறைத்தது எம் விருப்பத்தினால் அன்று. அதன் காரணம் பின்னர் வரும். ஆயினும் மறைத்த செய்தி மறைத்தபடியே இருப்பதில்லையன்றோ! இப்பொழுது கல்லூரியில் எம்மைப் பற்றி மூன்று கதைகள் உலவுகின்றன. எம் இதயத்தில் துளை உண்டு என்பது ஒன்று. எம்மைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்து அதிரும் என்பது மற்றொன்று. மூன்றாவதை இங்கு எழுதுதல் தகாது. மூன்றும் பொய்யாதலின் மெய்யை யாமே எழுதிவிடுவது நன்றெனத் துணிந்தோம்.

‘யாம்’ என்று ஒருத்தி பன்மையில் எழுதுவது கண்டு முதலாண்டு மாணவியர் நகைத்தல் கூடும். இவ்விதழின் தமிழ்ப் பகுதியில் எழுதுவோர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் வழக்கு அது. எம்மளவில் அதற்கு இப்போது வேறொரு நியாயமும் உண்டு. எம் உடம்பினுள் யாம் தனியே இல்லை.

முதன்முதல் யாம் மயங்கி வீழ்ந்தது 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குரிய ஒத்திகையின்போது. மூன்றாம் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தோம். கண் இருளுதல், காது அடைத்தல், வியர்த்தல் என்னும் முன்னறிகுறி ஒன்றும் இல்லை. ஓர் அடி பாடினோம். அடுத்த அடியைப் பாட வேண்டிய நேரத்தில் தரையிற் கிடந்தோம். இடையே கழிந்த காலம் எம் கணக்கில் இல்லை. “காலையில் உண்ணாமல் வந்திருப்பாள்” என்று கூடியிருந்தோர் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறினர். அன்று காலை ஐந்து இட்டலி உண்டிருந்தோம்; அதனைச் சொல்ல நாணிற்று.

இரண்டாம் முறை, 2024 ஆகஸ்டில், விடுதி உணவுக் கூடத்தில் தட்டேந்தி நிற்கையில். அதில் எமக்கு நேர்ந்த இழப்பைவிட, முன்னே நின்ற அக்கா ஒருவரின் புதுச் சேலைக்கு நேர்ந்த இழப்பே பெரிது. மூன்றாம் முறை அவ்வாறு சிரித்துக் கழிக்கத்தக்கதாக இல்லை. 2025 பிப்ரவரியில் விடுமுறைக்குத் தூத்துக்குடி சென்று பேருந்தினின்று இறங்கி, நிலையத்துப் படியில் கால் வைத்தோம். கண் விழித்தபோது மோவாயிலிருந்து குருதி வடிந்துகொண்டிருந்தது. வலக்கையில் யாரோ ஒருவருடைய சாவிக்கொத்துத் திணிக்கப்பட்டிருந்தது. வீழ்ந்தபோது கைகால்கள் சிறிது உதறினவாம். வலிப்பென்று எண்ணி, இரும்பு கொடுத்தால் நிற்குமென்று, நல்லார் ஒருவர் தம் வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறார். மோவாய்க்கு மூன்று தையல் இட்டனர். அந்தச் சாவிக்கொத்தைக் கண்டதும் எம் ஆச்சி அழுத அழுகையின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

நிற்க. மூளைக்குச் செல்லும் குருதி சில நொடிகள் குறைந்தாலும் நினைவு தப்பிவிடும். அந்நிலையில் கைகால் உதறுவதும் உண்டு. இதயத்தின் பிழையால் வரும் மயக்கத்தை வலிப்பென்று பிறழ உணர்வது இதனால் எளிது என்பதை, எம்மைச் சோதித்த மருத்துவர் விளக்கினார். அவர் எமக்குச் செய்வித்த சோதனைகள் பல. இதய மின்வரைபடம் எடுத்தனர்; ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடித்தனர்; ஓடும் பட்டையின் மீது எம்மை ஓடவிட்டனர்; மேசையொன்றிற் கட்டி, அம் மேசையைத் தலை மேலாக நிமிர்த்தி நெடுநேரம் நிறுத்தினர். எதிலும் பிழை காணவில்லை. ஒரு நாள் முழுதும் மார்பில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு திரிந்தோம். பின்னர் ஏழு நாள் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டும் இருந்தோம். இதயம் அத்தனை நாளும் நல்ல மாணவியைப் போல் அடங்கி நடந்தது. ஆசிரியர் இருக்கையில் பிழை செய்யும் மாணவர் யார்?

இந்நிலையில்தான் மருத்துவர் எந்தையாரை நோக்கி, “உங்கள் குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் யாராவது உண்டா?” என்று வினவினார். “இல்லை” என்றார் எந்தையார். மருத்துவர் எழுதிக்கொண்டார். யாம் எழுந்து விடைபெற்றுக் கதவருகே வந்துவிட்டோம். கதவின் பிடியில் கைவைத்த எந்தையார் அதைத் திறவாமல் சிறிது நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, முன்னிருந்த நாற்காலியிலேயே அமர்ந்து, “என் தம்பி” என்றார்.

சித்தப்பா ஒருவர் இருந்து இறந்தார் என்பது மட்டுமே எமக்குத் தெரியும். வீட்டுக் கூடத்தில் அவர் படம் உண்டு. அவரைப் பற்றிய பேச்சு இல்லை. 1998-ஆம் ஆண்டில், தம் 22-ஆம் வயதில், அத்தையோடு திண்ணையிற் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தாராம். அதற்கு முன் இரண்டாண்டுகளாக அவ்வப்போது மயங்கி வீழ்ந்திருக்கிறார். வலிப்பு நோய் என்று மாத்திரை கொடுத்து வந்திருக்கின்றனர். வலிப்பு என்றால் தங்கைக்கு வரன் அமையாது என்று அதனையும் வெளியிற் சொல்லவில்லை. இவற்றையெல்லாம் எந்தையார் மருத்துவரிடம் சொல்ல, அருகிலிருந்து முதன்முறையாகக் கேட்டோம். பள்ளியில் நாற்பது மாணவரை ஒரு பார்வையால் அடக்கும் அவர் குரல் அன்று அவருக்கு அடங்கவில்லை.

மருத்துவர் கூறிய முடிவு இது: மயக்கமோ மாதக்கணக்கில் ஒருமுறை வருகிறது, சோதனையோ நாட்கணக்கில் முடிந்துவிடுகிறது. எனவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்கவல்ல கருவியைத் தோலின்கீழ் வைத்தல் வேண்டும். அது இதயத்தின் மின் அலைகளை ஓயாது குறித்துக்கொண்டே இருக்கும். பழையதை அழித்துப் புதியதை எழுதும். துடிப்பு சில நொடிகள் நின்றாலும், மிக மெதுவாயினும், கட்டுமீறி விரைந்தாலும் அப்பகுதியை மட்டும் அழியாமல் எடுத்து வைத்துக்கொள்ளும். மயங்கியெழுந்த பின் நாமே கைக்கருவியொன்றை அழுத்தினாலும், அதற்கு முன்கழிந்த சில நிமிடங்களைச் சேமித்துவிடும். இரவில் படுக்கையருகே வைத்த சிறு பெட்டி அக்குறிப்புகளை வாங்கி, தொலைபேசி அலைவழியே மருத்துவமனைக்கு அனுப்பும். இவ்வளவே அதன் தொழில். அதிர்ச்சி கொடுத்தலும், நின்ற இதயத்தை ஓட்டுதலும் அதனால் இயலா. தொட்டால் அதிரும் என்று அஞ்சும் தோழியர் இவ்வரியை இருமுறை படிப்பாராக.

இதனை ஆச்சிக்கு விளக்குதல் எளிதாயிருக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு அவர், “அப்படியானால் உன் தாத்தாவைப் போல என்று சொல்லு” என்றார். தாத்தா உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். “உப்பை அவர் வாரினாரா, சுமந்தாரா, விற்றாரா? எத்தனை மூட்டை போயிற்று என்று உட்கார்ந்து எழுதினார். இதுவும் எழுதுகிறது.” அன்று முதல் எம் வீட்டில் அக் கருவிக்குக் கணக்கப்பிள்ளை என்றே பெயர்.

செலவுக்கு எந்தையார் தம் வருங்கால வைப்பு நிதியிற் கடன் பெற்றார். அது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாமும் அதற்கு மேல் எழுதவில்லை.

கருவியைப் பதித்த நிகழ்ச்சி, அதற்காக யாம் அஞ்சிய அச்சத்திற்குச் சிறிதும் தகுதியற்றது. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு எட்டனுள் அச்சம் ஒன்றே அன்று காலை எம்மை ஆண்டது. முழு மயக்கம் கொடுக்கவில்லை. தோல் மரத்துப்போகும் ஊசி மட்டுமே இட்டனர். அவ்வூசிதான் எரிந்தது, தேள் கொட்டினாற் போன்று சில நொடிகள் எரிந்து தணிந்தது. பின்னர் ஒருவர் கட்டைவிரலால் அழுந்தத் தள்ளுவது போன்ற உணர்ச்சி, வலி இல்லை. எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்று செவிலியர் வினவிக்கொண்டே இருந்தார். தமிழ் இலக்கியம் என்றோம். “அதற்கு என்ன வேலை கிடைக்கும்?” என்றார். இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கையிலேயே பணி முடிந்துவிட்டது. கால் மணி நேரமும் ஆகவில்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த வெட்டுவாயைப் பசையால் ஒட்டி மேலே கட்டிட்டு, மாலையில் வீட்டிற்கு அனுப்பிவிட்டனர்.

வலி இரவில் வந்தது. பெருவலி அன்று, கதவிடுக்கில் நசுங்கிய விரல் மறுநாள் வலிப்பது போன்ற வலி. ஆனால் அது இருந்த இடம் நெஞ்சு. காலில் அதே வலி இருந்திருப்பின் உறங்கியிருப்போம். நெஞ்சில் இருந்தமையால் ஒவ்வொரு குத்தலுக்கும் எழுந்து உட்கார்ந்தோம். எப்போதும் இடப்பக்கம் ஒருக்களித்து உறங்குவது எம் வழக்கம். பத்து நாளைக்கு அது கூடாமற் போயிற்று. வலப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அங்கே விழித்த கண்ணோடு ஆச்சி எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எம் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது.

மூன்றாம் நாள் கட்டைச் சுற்றிலும் கன்றியிருந்தது. முதலில் நாவற்பழ நிறம், பிறகு பச்சை, பிறகு வாழைப்பழத் தோலின் மஞ்சள். நாள்தோறும் கண்ணாடியில் அதனைப் பார்த்தல் எமக்கொரு தொழிலாயிற்று. நீர் படலாகாது என்றமையால் சில நாள் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டோம். தூத்துக்குடியின் ஜூன் மாதப் புழுக்கத்தில் அது போதுமா என்பதை அவ்வூரார் அறிவர். தும்மினால் நோவு, சிரித்தால் நோவு. எம் தம்பி அதையறிந்து சிரிப்பூட்டுவதையே தொண்டாகக் கொண்டான். மூன்றாம் வாரத்தில் நோவு போய் அரிப்பு வந்தது. அப்போதுதான் விரல் தானே அவ்விடத்தைத் தேடிச் செல்லக் கற்றுக்கொண்டது. தோலுக்குக் கீழே சிறு வரப்புப் போல் அது தட்டுப்படும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரலை ஓட்டலாம். அவ்வாறு தடவிக்கொண்டே இருத்தல் கூடாதென்று மருத்துவர் கடிந்துகொண்டார். இன்றும் தேர்வுக் கூடத்தில் விடை தோன்றாதபோது எம் கை அங்கே செல்கிறது.

புண் ஆறியதைப் பற்றி இவ்வளவு போதும். ஆறாதது வேறு. குளியலறையில் தாழ்ப்பாள் இடக்கூடாது என்றார் அன்னையார். பத்தொன்பது வயதில், தாழிடாத கதவுக்குப் பின்னே, “இருக்கிறாயா?” என்று ஐந்து நிமிடத்துக்கொருமுறை வரும் வினாவுக்கு, “இருக்கிறேன்” என்று விடையிறுத்துக்கொண்டே குளிப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாடிக்குத் தனியே போகலாகாது, கிணற்றடிக்குப் போகலாகாது, அடுப்பருகே நிற்கலாகாது. யாம் வீழ்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணினால் மூன்று. வீழாத நாட்களோ எண்ணிலடங்கா. ஆயினும் வீழாத நாட்களையும் அம் மூன்று நாட்களே ஆண்டன. கல்லூரிக்கு இனி அனுப்புவதா என்னும் பேச்சும் எழுந்தது. அஞ்சல் வழியிற் படித்தால் ஆகாதா என்றார் ஒருவர். படித்தது போதாதா என்றார் வேறொருவர். எந்தையார் ஒன்றும் கூறாமல் கேட்டிருந்து, கல்லூரி திறக்கும் நாளுக்கு இரண்டு பயணச் சீட்டு வாங்கி வந்து மேசைமேல் வைத்தார்.

அத்தையின் கவலை வேறு. “பெண்ணின் நெஞ்சில் இயந்திரம் இருக்கிறது என்று தெரிந்தால் நாளை யார் பெண் கேட்டு வருவார்? வெளியில் மூச்சு விடாதே, அம்மா” என்று எம் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார். அவர்மீது எமக்குச் சினம் மூண்டது. ஞாயிறன்று சபையில் எம் பெயரைச் சொல்லி ஜெபிப்பதாக இருந்த போதகரிடமும் சென்று, காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போதகர் நல்லவர், “சுகவீனமாயிருக்கும் நம் சபையின் இளஞ்சகோதரி ஒருவருக்காக” என்று பெயரும் சொல்லாமல் ஜெபித்தார். கண்மூடி ஜெபிக்க வேண்டிய சபை முழுதும் கண்திறந்து எம்மைத் திரும்பிப் பார்த்தது.

படுக்கையில் கிடந்த நாட்களில் இக் கருவியின் முன்னோரைப் பற்றிச் சிறிது படித்தோம். அதனை இங்குக் கூறாது விடின் கட்டுரை எம் புலம்பலாகவே முடியும். மனித இதயத்தின் மின் அலையை உடம்பின் மேற்புறத்திலிருந்தே முதன்முதல் குறித்தவர் இலண்டனில் இருந்த அகஸ்டஸ் வாலர், ஆண்டு 1887. அதனைத் திருத்தமாக அளக்கும் பொறியைச் செய்தவர் வில்லெம் ஐந்தோவன். ஜாவாத் தீவின் செமாராங் நகரில் 1860-இல் பிறந்து, ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். அவர் பொறியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதனை இயக்க ஐவர் வேண்டும். சோதிக்கப்படுவோர் தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிறைந்த தொட்டிகளில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். மருத்துவமனையோ அவர் ஆய்வுக்கூடத்தினின்றும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது; எனவே கம்பி இழுத்து, நோயாளி அங்கிருக்க, இங்கே அவர் நெஞ்சின் அலையை வரைந்தார். 1924-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உப்புநீர்த் தொட்டிகளின் படத்தை ஆச்சிக்குக் காட்டினோம். “நம் ஊரில் கடலே இருக்கிறதே” என்றார்.

மனிதர் நடமாடிக்கொண்டிருக்கையில் இதயத்தைக் குறிக்க வழி கண்டவர் அமெரிக்காவில் மொண்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர். 1940-களின் இறுதியில் அவர் முதுகிற் சுமந்து திரிந்த கருவியின் எடை ஏறத்தாழ 38 கிலோ. யாம் ஒரு நாள் ஒட்டிக்கொண்டு திரிந்த கம்பிக் கருவிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. தோலின்கீழ் வைக்கும் கருவியைக் கனடா நாட்டு மருத்துவர் 1990-களில் ஆராய்ந்து, அப் பத்தாண்டின் இறுதிக்குள் அது வழக்கிற்கு வந்தது. இவ்வாண்டுகளைக் குறிப்பேட்டில் எழுதி வருகையில் ஓரிடத்தில் எம் கை நின்றது. 1990-களின் இறுதி என்றால் சித்தப்பா இறந்த காலம்.

ஜூலையில் விடுதிக்குத் திரும்பினோம். மேற்கட்டிலினின்று கீழ்க்கட்டிலுக்கு மாற்றினர். பெட்டியைத் தலைமாட்டில் வைத்தோம். அறைத் தோழி ஒருத்தி முதல் வாரம் முழுதும், தான் பேசுவதையும் அது பதிவு செய்து அனுப்புகிறதோ என்று அஞ்சி மெல்லவே பேசினாள். அவ்வமைதி நீடிக்கும் என்று நம்பினோம், நீடிக்கவில்லை. புத்தகப் பையை இடத்தோளில் மாட்டினால் அதன் வார் கருவியின்மேல் அழுந்தும், வலத்தோளுக்கு மாற்றினோம். யாப்பிலக்கண வகுப்பில் தளை தட்டும் இடத்தைச் சுட்டுமாறு ஆசிரியர் பணிக்கும்போதெல்லாம், எம் நெஞ்சினுள்ளும் ஒன்று அதே பணியைச் செய்துகொண்டிருப்பது நினைவுக்கு வரும். கண்ணிமைக்கும் நேரத்தையோ விரல் நொடிக்கும் நேரத்தையோ மாத்திரை என்று அளந்தனர் நம் இலக்கணத்தார். இதயம் மூன்று நொடி நின்றால் எத்தனை மாத்திரை என்று ஒருநாள் கணக்கிடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டோம்.

அக்டோபர் மாதம் தேர்வுக் கட்டணம் செலுத்த நெடுவரிசையில் நின்றோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இம்முறை முன்னறிகுறி வந்தது: வாய் வறண்டது, ஒலியெல்லாம் தொலைவிற் சென்றது, முன்னின்றவளின் சடை இரண்டாகத் தெரிந்தது. அருகிருந்த தோழி எம்மைத் தாங்கித் தரையில் கிடத்தினாள். கைக்கருவி எங்கே என்று கேட்டு, பையைக் கவிழ்த்து, சீப்பும் பேனாவும் நாணயமும் சிதற அதனைக் கண்டெடுத்து மார்பின்மேல் வைத்து அழுத்தினாள். நினைவு முழுதும் தப்பவில்லை. அவள் கை நடுங்கியதைக் கண்டோம். அவ்விரவு பெட்டியில் சிறு விளக்கு எரிந்து அணைந்தது. கணக்கு போய்விட்டது. யாம் உறங்கவில்லை.

மறுநாள் முற்பகல் மருத்துவமனையிலிருந்து எந்தையாருக்கு அழைப்பு வந்தது. அவர் எமக்குச் சொன்னார். இதயம் நிற்கவில்லை. சிறிது விரைந்து, பின் சிறிது தணிந்து, முறை தவறாமலே துடித்திருக்கிறது. நெடுநேரம் நின்றமையால் குருதி காலிலே தங்கி, அழுத்தம் தாழ்ந்து வந்த மயக்கம் அது என்று கொள்ளத் தகும். அந்த நாளைக்கு இதயத்தின்மீது குற்றமில்லை. நிறைய நீர் பருகுக; உணவில் உப்புச் சிறிது கூட்டுக; நெடுநேரம் அசையாது நிற்க நேர்ந்தால் காலைப் பின்னிக்கொண்டு தசைகளை இறுக்குக; அறிகுறி தோன்றியதும் வெட்கப்படாமல் படுத்துவிடுக என்பன அறிவுரைகள். உப்புக் கூட்டச் சொன்ன செய்தி கேட்டு ஆச்சி சிரித்த சிரிப்பு தொலைபேசியில் நெடுநேரம் கேட்டது. “ஏளா, உப்பளத்துக் கணக்கப்பிள்ளை பேத்திக்கு உப்புக் குறைவாமா!”

ஆனால் எம் முதல் மூன்று வீழ்ச்சிகளும் இவ்வாறு அறிவித்து வந்தவை அல்ல. அவையும் இவ்வினத்தனவோ, வேறோ என்பது இன்னும் துணியப்படவில்லை. ஆகையால் கணக்கப்பிள்ளை தம் இருக்கையை விட்டு எழவில்லை. மின்கலம் நான்காண்டுக்கு மேலும் உழைக்கும் என்கின்றனர். அதற்குள் யாம் முதுகலை முடித்திருப்போம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆச்சி தம் தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில், திருமணச் சேலைக்குக் கீழே, ஒரு பழைய உறை இருந்தது. சித்தப்பாவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுகள் ஏழு. மாத்திரையின் பெயரும் நாளும் உள்ளவை. ஓரங்கள் பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருந்தன. இருபத்தேழு ஆண்டுகளாக அவற்றை வைத்திருந்தது எந்தையாருக்கும் தெரியாது. “இந்தக் கருவி அவனுக்கு இருந்திருந்தால்?” என்று ஆச்சி ஒருமுறை கேட்டார். யார் என்ன விடை சொல்வது? எந்தையார் சீட்டுகளை நாள் முறையாக அடுக்கினார். அன்று திண்ணையில் நிகழ்ந்ததை, அருகிருந்த ஒரே சான்றாகிய அத்தை, அப்பொழுதுதான் முழுதும் சொன்னார். மடியிற் சாய்ந்த தம்பியின் கையில் அவரும் ஒரு சாவியைத் திணித்திருக்கிறார். வெளியிற் சொல்லாதே என்று அவர் எம்மிடம் வேண்டியபோது மூண்ட சினத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எமக்குத் தெரியவில்லை. வேறொரு வீட்டில் மருமகளாகப் புகுந்த நாள்தொட்டு அவர் அதனைச் சொல்லாமலே வாழ்ந்திருக்கிறார்.

2026 ஜனவரியில் மருத்துவரிடம் அச் சீட்டுகளைக் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் ஒளியிற் பிடித்துப் படித்து, நாட்களைத் தம் தாளில் எழுதிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தார். எந்தையார் பழைய மடிப்பிலேயே அவற்றை மடித்தார். இறந்தவரின் உடன்பிறந்தார் இருவரும் இதய மின்வரைபடம் எடுத்துப் பார்த்தல் நன்று என்றார் மருத்துவர். எந்தையார் எடுத்துக்கொண்டார். அத்தை உடன் வந்திருந்தார். வெளியே அமர்ந்து எழுந்து, எழுந்து அமர்ந்து, இறுதியில் உள்ளே வந்து படுத்தார். செவிலியர் அவர் கைகளிலும் கால்களிலும் கம்பிகளைப் பொருத்தலானார். அத்தை எம் கையைப் பற்றித் தம் பக்கம் இழுத்து, செவிலியர் கேளாதபடி மெல்ல, “இது அதிருமா?” என்று கேட்டார்.